முலாம் பூசிய தோல்

இடைக்கால ஐரோப்பா என்றதும், சினிமா பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பழுப்பு நிறம்தான் முதலில் தட்டுப்படுகிறது. மார்பின் குறுக்கே ஓடும் தோல்வார், மணிக்கட்டில் நாடா கோத்து இறுக்கிய தோல்பட்டை, அகலமான இடுப்பு வார், அதன்மேல் அப்பிய சேறு. மந்திரவாதியும் டிராகனும் உலவும் மாயக்கதைப் படமென்றால் இந்தத் தோல் இன்னும் கூடும். பார்க்கிறவர் யாரும் ‘இது எந்த நூற்றாண்டு?’ என்று கேட்பதில்லை. தோலைக் கண்டதும் ‘பழங்காலம்’ என்று மனசு தானாகவே எழுதிக்கொள்கிறது. இந்தத் தோல் எங்கிருந்து வந்தது, இதைத் தைத்தது யார் என்ற இரண்டு கேள்விகளையும் நாம் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது. ஒன்றை விட்டு மற்றதற்குப் பதில் கிடைக்காது.

இடைக்காலச் சிப்பாய் நிஜத்தில் எதை உடுத்தினான்? சாதாரணக் காலாட்படைக்காரனைக் காப்பாற்றியது பெரும்பாலும் துணிதான். லினன் துணியை அடுக்கடுக்காக வைத்தோ, உள்ளே பஞ்சும் கந்தலும் திணித்தோ தைத்த தடித்த அங்கி. காசுள்ளவன் இரும்பு வளையங்களைக் கோத்த சங்கிலிக் கவசம் போட்டான். 14ஆம் நூற்றாண்டில் அதன்மேல் எஃகுத் தகடுகள் ஏறின. தோலுக்கு வேலை இல்லாமலில்லை. கவசத்தைக் கட்டும் வார், வாளுறை, சேணம், காலணி, கேடயத்தின் மேற்போர்வை, சில சமயம் கைகால் காப்பு என்று எங்கும் அது இருந்தது. ஆனால் உச்சிமுதல் உள்ளங்கால்வரை பழுப்புத் தோல் மாட்டிய வீரன் அக்காலத்து ஓவியங்களில் சுலபத்தில் அகப்படமாட்டான். அந்த ஓவியங்களில் சிவப்பும் நீலமும் பொன்னும்தான் கண்ணைப் பறிக்கின்றன.

தோலைக் காப்பாக மாற்றிய நுட்பத்துக்குப் பிரெஞ்சில் ‘குயிர் பூயி’ என்று பெயர். கொதித்த தோல் என்று பொருள். பெயர்தான் அப்படி, நிஜமாகவே நெடுநேரம் கொதிக்கவிட்டால் தோல் சுருங்கி, முறுகி, அடிபட்டதும் நொறுங்கும். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தடித்த தோலை நீரில் ஊறப்போட்டு, அச்சின்மேல் அழுத்தி, இளஞ்சூட்டில் உலர்த்த வேண்டும். அல்லது வெந்நீரில் கொஞ்ச நேரம் முக்கியெடுத்து, ஆறுவதற்குள் வளைக்க வேண்டும். காய்ந்தபின் மரக்கட்டை மாதிரி கெட்டிப்படும். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பது கைக்குத்தான் தெரியும். 1376இல் இறந்த ‘கறுப்பு இளவரசன்’ எட்வர்டின் கேடயத்தில் இருக்கும் சிங்கங்களும் லில்லிப் பூக்களும் இப்படித் தோலில் உருக்கொடுத்து ஒட்டியவை. காண்டர்பரி தேவாலயத்தில் அவனது கல்லறைக்கு மேலே அது நூற்றாண்டுகளாகத் தொங்கிக்கிடந்தது. அதே நூற்றாண்டில் சாஸர் எழுதிய கதையில், சர் தோபஸ் என்ற வீரனுக்குக் கெட்டித்தோலில் கால்காப்பு வருகிறது. அந்தக் கதை வீரகதைகளைப் பகடி செய்வது என்பதையும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் எனக்கு முக்கியமாகப் படும் பிரதி காவியம் எதுவும் இல்லை. ஒரு கணக்குச் சுருள். 1278இல் இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் மன்னன் வின்ட்சர் பூங்காவில் போர்விளையாட்டு ஒன்று நடத்தினான். அதற்காக வாங்கிய சாமான்களின் பட்டியல் எஞ்சியிருக்கிறது. 38 வீரர்களுக்கும் கவசம் தோலில். தலைக்கவசமும் தோலில்தான், உயர்ந்த அந்தஸ்துக்காரர்களுக்குப் பொன்முலாம், மற்றவர்களுக்கு வெள்ளிமுலாம். வாளோ, திமிங்கிலத்தின் வாய்த்தகட்டையும் தோல்தாளையும் வைத்துச் செய்து வெள்ளிமுலாம் பூசியது. யாருக்கும் உயிர்ச்சேதம் வரக்கூடாதே! தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் உலோகம். இடைக்காலம் தன்னைத்தானே நடித்துக்காட்டிய ஒரு தயாரிப்பு இது. இன்றைய படப்பிடிப்புத் தளத்தின் ஆடைப்பிரிவு செய்கிற வேலையை வின்ட்சர் ஏழு நூற்றாண்டுக்கு முன்பே செய்துவிட்டது.

வீரம் என்பது நிகழ்த்திக் காட்டப்படும் ஒன்று, அந்த நிகழ்த்தலுக்கு ஒரு பட்டறை தேவை என்பதை இந்தச் சுருள் போட்டு உடைக்கிறது. தோல்கவசங்களைச் செய்து தந்தவர் பெயர் அதில் இருக்கிறது: மிலோ. பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பது குலப்பெருமை இல்லை, ‘தோல்காரர்’ என்ற தொழில்தான். வீரகதைகள் பிரபுக்களின் பெயரை எழுதின. கூலி கொடுத்தாக வேண்டியிருந்ததால் மிலோவின் பெயரைக் கணக்கன் எழுதினான். உழைப்பவனின் பெயர் வரலாற்றில் நுழைவதற்கு இருந்த வாசல் இவ்வளவு சின்னது.

தோலைப் பதனிட்டவர்களோ நகரத்துக்கு வெளியே. லண்டனில் அவர்கள் தேம்ஸ் நதிக்குத் தெற்கே பெர்மண்ட்சியில் கூடினார்கள். சுண்ணாம்பு நீர், மரப்பட்டைச் சாறு, தோலை மிருதுவாக்க நாய்ப்பீ, புறாவெச்சம். நாற்றம் அந்தப் பக்கம், பொன்முலாம் இந்தப் பக்கம். இரண்டுக்கும் நடுவே ஓர் ஆறு.

நம் பழுப்புக்கு வருவோம். இரும்பு மிஞ்சுகிறது, தோல் மக்கிப்போகிறது. அந்த இடைவெளியில்தான் பிற்காலத்தின் கற்பனை புகுந்தது. 1824இல் கவசங்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய சாமுவேல் ரஷ் மெய்ரிக், 11ஆம் நூற்றாண்டு பேயோ சித்திரத்துணியில் கவசத்தைக் காட்டப் போட்டிருந்த வட்டங்களையும் கட்டங்களையும் பார்த்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கவச வகையாகப் பிரித்துப் பெயரிட்டார். எல்லாமே சங்கிலிக் கவசத்தை வரைவதற்கான வேறு வேறு வழிகள்தான் என்று பின்வந்த ஆய்வாளர்கள் சொன்னார்கள். ஆனால் பெயர் வைத்துவிட்டால் பொருள் உண்டாகிவிடும் போலிருக்கிறது. அந்த வகைகள் புத்தகங்களில் நிலைத்துவிட்டன. குமிழ் ஆணி அடித்த தோல்கவசத்தின் கதையும் இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது. 1361இல் ஸ்வீடனின் விஸ்பி நகருக்கு வெளியே நடந்த போரில் செத்தவர்களைப் புதைத்த குழிகளிலிருந்து இரும்புத் தகடுகள் கிடைத்தன. துணிக்கோ தோலுக்கோ உட்புறம் தகடுகளை வைத்து ஆணியால் பிணைப்பது அக்கால முறை. வெளியிலிருந்து பார்த்தால் ஆணித்தலை மட்டும் தெரியும். காப்பது உள்ளே இருக்கும் தகடு. 1978இல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டுக் கையேட்டில் ஆணி அடித்த தோல் ஒரு தனிக் கவச வகையாகவே பட்டியலில் ஏறியது. தகடு போய்விட்டது, ஆணி மிஞ்சியது! அப்புறம் வந்த மாயக்கதைப் படைப்புகள் பலவும் அதை வரலாறாகவே எடுத்துக்கொண்டன.

இதில் மோட்டார் சைக்கிளுக்கும் பங்கு உண்டு என்பது என் வாசிப்பு. 1953இல் ‘தி வைல்ட் ஒன்’ படத்தில் மார்லன் பிராண்டோ மாட்டிக்கொண்ட கறுப்புத் தோல் ஜாக்கெட், சட்டத்துக்கு அடங்காத ஆண் உடம்பின் பிம்பமாயிற்று. அந்த அடங்காமையைப் பின்னோக்கி எறிந்தால் ‘காட்டுமிராண்டி இடைக்காலம்’ கிடைத்துவிடுகிறது. நவீனம் தனக்குள் இருக்கும் முரட்டுத்தனத்தைத் தோலில் பொதிந்து பழங்காலத்திடம் ஒப்படைத்துவிடுகிறது. தான் சுத்தமாகிவிட்ட மாதிரி ஒரு நிம்மதி.

படத்தளத்தின் வேடிக்கையைப் பாருங்கள். 1944இல் ஒலிவியே எடுத்த ‘ஐந்தாம் ஹென்றி’யில் சங்கிலிக் கவசம் என்பது நூலால் பின்னி வெள்ளிச்சாயம் பூசியது. 1981இல் ‘எக்ஸ்காலிபர்’ படத்தில் மின்னிய கவசங்கள் அலுமினியம். 2001 முதல் 2003 வரை வந்த ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படங்களுக்காக நியூசிலாந்தில் பிளாஸ்டிக் குழாயை வளையம் வளையமாக நறுக்கிக் கையால் கோத்தார்கள். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் காவல்படையினர் போர்த்திய கம்பளித்தோல் ஐக்கியா கடையின் தரைவிரிப்பு. உலோகம் எல்லாம் பொய்யாகிவிட்ட இடத்தில், ‘இது நிஜம்’ என்று சாட்சி சொல்லத் தோலை நிறுத்துகிறார்கள். அந்தச் சாட்சியையும் தயார் செய்ய வேண்டியிருக்கிறது. கைவினைஞர் இரண்டு ஊசி, ஒரே நூல் வைத்துச் சேணத் தையல் போடுகிறார்; ஒரு தையல் அறுந்தாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும். நாள்கணக்கில் பார்த்த அந்த வேலையை அதற்கென்றே இருக்கும் இன்னொரு பிரிவு வாங்கி, உப்புத்தாளால் தேய்த்து, கம்பி பிரஷ்ஷால் கீறி, சாயத்தால் அழுக்காக்குகிறது. வின்ட்சரில் தோலை மறைக்க உழைத்தார்கள். இங்கே தோலில் தெரியும் உழைப்பை மறைக்க உழைக்கிறார்கள்.

அச்சில் அழுத்திக் கெட்டிப்படுத்தும் வேலைக்கு மரப்பட்டையில் பதனிட்ட தோல்தான் ஏற்றது. குரோம் உப்பில் பதனிட்டது அப்படி இறுகிக்கொடுக்காது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுச் சென்னை மாகாணத்தில் பதனிட்ட ‘கிழக்கிந்திய’ அரைப்பதன் தோல் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே லண்டன் ஏலச் சந்தைக்குக் கப்பலேறியது. அங்கே அது வெறும் சரக்கு. இங்கே அதை ஊறவைத்த கைகளுக்கு ஊர் ஒரு ஒதுக்குப்புறத்தைத்தான் வைத்திருந்தது. தமிழுக்கும் இது புதிதில்லை. புறநானூற்றின் 82ஆம் பாட்டில், சோழன் ஒருவனது போரின் வேகத்துக்கு உவமையாக வருவது, கட்டிலுக்கு வார் பின்னுகிறவன் கையிலிருக்கும் ஊசி. அரசனின் வீரத்தை அளக்க அந்த ஊசி வேண்டும். ஊசி பிடித்தவனுக்குக் கிடைத்ததோ ‘இழிசினன்’ என்ற சொல். பெர்மண்ட்சிக்கு நடுவில் ஆறு ஓடியதென்றால், இங்கே சொல்லே கோடு கிழித்தது.

2004இல் ஆடை வடிவமைப்புக்கான ஆஸ்கர் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ மூன்றாம் பாகத்துக்காக நைலா டிக்சன், ரிச்சர்ட் டெய்லர் என்ற இருவருக்குப் போயிற்று. அவர்கள் தகுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வெட்டியவர், தைத்தவர், சாயமேற்றியவர், தேய்த்துப் பழசாக்கியவர் பெயர்களெல்லாம் படத்தின் கடைசியில், சின்ன எழுத்தில், விறுவிறுவென்று மேலே ஓடுகின்றன. அதுவும் ஒரு சுருள்தான். மிலோவின் சுருளை யாரோ பத்திரப்படுத்தியதால் அவர் பெயராவது நம் கைக்கு வந்தது. இந்தச் சுருள் ஓடத் தொடங்கும்போது தியேட்டரில் விளக்கைப் போட்டுவிடுகிறார்கள். நாமும் செருப்பைத் தேடிக்கொண்டு எழுந்துவிடுகிறோம்.