பெயரால் பிரிந்தோம், யாரை மறந்தோம்?

 

சில கடைகள், ஒரு பள்ளிவாசல், சுற்றிலும் தேயிலை மலை. ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளில் நம்மில் பலருடைய ஊர் இவ்வளவுதான். அங்கேயும் 'நீர் எந்த இயக்கம்?' என்னும் கேள்வி ஸலாத்திற்கு முன்னரே எழுகின்றது. வரலாறு இதற்கு என்ன விடை தருகின்றது என்பதைச் சற்றுச் சிந்தியுங்கள்.

பிரித்தானியர் ஆட்சியின் இறுதிக் காலத்தில் நம் சமூகத்தில் இரு பெரும் அமைப்புகள் இருந்தன. ஸாஹிராக் கல்லூரி அதிபர் டி. பி. ஜாயா அவர்கள் அகில இலங்கை முஸ்லிம் லீக்கை வழிநடத்தினார்கள். சேர் ராஸிக் பரீத் அவர்கள் அகில இலங்கைச் சோனகர் சங்கத்தை வழிநடத்தினார்கள். அரசின் முன் நாம் 'முஸ்லிம்' என நிற்பதா, 'சோனகர்' என நிற்பதா என்பதே பிணக்கு. மலாய் வம்சத்தவரான ஜாயாவுக்குச் சோனகர் என்ற பெயரில் இடமில்லை. சோனகரின் தனித்துவம் மறையலாகாது என்பது ராஸிக் பரீதின் கவலை. எனினும் 1945 நவம்பரில், சுதந்திரத்தை நோக்கிய யாப்புப் பிரேரணையை அரசாங்க சபையில் இருவரும் ஒருங்கே ஆதரித்தனர். அது நமக்குப் பெருமை.

ஆனால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. தமிழகத்திலிருந்து வந்து வாணிபம் செய்த முஸ்லிம்களும் அதில் சிக்கினர். குடிசன மதிப்பீடு அவர்களை முன்னரே 'இந்தியச் சோனகர்' என வேறாகப் பிரித்திருந்தது. அச்சட்டத்தைக் கொண்டுவந்த அமைச்சரவையில் ஜாயா அவர்கள் தொழில் அமைச்சர். பழிகூற இதனைச் சொல்லவில்லை. நம் பெயர் எது என வாதிட்ட சமூகம், பெயருக்கு வெளியே நின்றோருக்காக எவ்வளவு வாதிட்டது என்பதே கேள்வி. இலங்கை இந்தியன் காங்கிரஸில் நின்று தோட்ட மக்களுக்காகப் போராடிய அப்துல் அஸீஸும் ஒரு முஸ்லிமே. அவரை நம் எந்த மேடை நினைவுகூர்கின்றது?

நம் காலத்துக்கு வருவோம். 2019 உயிர்த்த ஞாயிறுப் படுகொலையைத் தொடர்ந்து, 2021 ஏப்ரலில் அரசு 11 அமைப்புகளைத் தடைசெய்தது. 2023 ஜூலையில் அவற்றுள் 5 அமைப்புகள் மீதான தடை நீங்கியது. குற்றவாளிகள் தண்டிக்கப்பட வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் 2019இல் சந்தேகப் பார்வை நம் அனைவர் மீதும் விழுந்தது. பஸ்ஸில் அபாயா அணிந்து நின்ற பெண்ணிடம் எவரும் இயக்கத்தின் பெயரைக் கேட்கவில்லை.

இளைஞர்களே! குற்றம் நடப்பதை அறிந்தால் அரசுக்கு அறிவிப்பது கடமை. கருத்து வேறுபாட்டைக் குற்றமாக்கிப் பொலிஸ் வாசலுக்குக் கொண்டு செல்வது அநியாயம். அதனை மஷூராவில் தீருங்கள். நான்கு மத்ஹபுகளின் இமாம்களும் கருத்தில் வேறுபட்டார்கள், கண்ணியத்தில் குறையவில்லை.

பெற்றோர்களே! பிள்ளைக்கு இயக்கத்தின் பெயரைக் கற்பிக்குமுன், அயலிலுள்ள லயத்தில் வாழ்பவரின் பெயரைக் கற்பியுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களை இணைத்து வைப்பானாக. ஆமீன்.