மூத்தோர் சொல் காத்த தீவு

மூத்தோர் சொல் முதுநெல்லிக்கனி என்பர் பெரியோர். அச்சொல் ஒரு தீவையே காத்த வரலாற்றைக் கடற்கரைப் பங்கு மக்கள் அறிந்திடல் நன்று.

இந்தோனேசிய நாட்டில், சுமத்திராவுக்கு மேற்கே சிமெலுவே என்றொரு தீவு உண்டு. 1907ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள், வெள்ளிக்கிழமை, அங்கு நிலம் அதிர்ந்தது. பின்னர் கடல் உள்வாங்கிற்று. தரையில் துள்ளிய மீன்களை அள்ள மக்கள் ஓடினர். திரும்பி வந்த பேரலை அவர்களை வாரிச் சென்றது.

உயிர் தப்பியோர் அத்துயரை மறக்கவில்லை. அவ்வலையைத் தம் மொழியில் 'ஸ்மோங்' என்றனர். நிலம் பலமாக அதிர்ந்து கடல் வற்றினால், பொருளைத் தேடாமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதைத் தாலாட்டிலும் கதையிலும் வைத்துப் பிள்ளைகளுக்குப் புகட்டினர்.

தொண்ணூற்றேழு ஆண்டுகள் கழிந்தன. 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிறு காலை, அத்தீவின் அருகே கடலடி நிலம் பிளந்தது. வடகரைச் சிற்றூருக்கு அலை வரப் பத்து நிமிடங்கூட ஆகவில்லை. சங்கு ஊதவில்லை; வானொலி சொல்லவில்லை. 'ஸ்மோங்! ஸ்மோங்!' என்ற கூக்குரலே எழுந்தது. முதியோரைத் தாங்கி, குழந்தைகளைத் தூக்கி, மக்கள் குன்றேறினர். ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் இறந்தோர் எழுவரே.

அதே பேரலை தமிழகக் கரையை அடைய இரண்டு மணி நேரத்திற்கும் மேலாயிற்று. நேரம் இருந்தது, சொல்வாரில்லை. 'கடல்கோள்' என்னும் சொல் நம் ஏட்டில் இருந்தது. கரையோர மக்கள் நாவில் இல்லை. கடல் உள்வாங்கிய இடங்களில் வேடிக்கை பார்க்கச் சென்றோரும் உண்டு. வேளாங்கண்ணிக் கடற்கரையில் திருயாத்திரிகர் பலர் மாண்டனர். தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 உயிர்கள் பலியாயின.

2007 முதல் ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் இயங்கி வருகிறது. தொலைவில் நிகழும் அதிர்ச்சி நமக்குத் தெரியாமற் போகலாம். அதை அறிவிக்க அந்நிலையம் உண்டு. ஆயினும் காலடி நிலம் நெடுநேரம் அதிர்ந்தாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ அறிவிப்புக்குக் காத்திராதீர்கள். மேடான இடத்திற்கோ, அருகில் மேடில்லையேல் உறுதியான மாடிக் கட்டடத்திற்கோ விரையுங்கள். முதல் அலை வடிந்ததென்று வீடு திரும்பாதீர்கள். அடுத்த அலை அதனினும் பெரிதாக வரலாம்.

யூபிலி விழா, முன்னோர் தந்ததை நினைந்து பின்னோர்க்கு ஒப்படைக்கும் விழா. நம் பிள்ளைகளின் கைபிடித்து, ஓட வேண்டிய வழியை இவ்வாண்டே ஒருமுறை நடந்து காட்டுவோமாக.