களத்தின் கதை – 23: 28 வயதுக்குள்

சென்ற வாரம் பெர்லினில் நிறுத்தியிருந்தோம். 1936 ஒலிம்பிக் மாரத்தானில் முதலாவதாக ஓடி வந்த கொரிய இளைஞர் சோன் கி-ஜோங், ஜப்பானியக் கொடி பொறித்த உடையில் மேடை ஏறித் தலைகுனிந்து நின்றார். கொரியா அன்று ஜப்பானின் ஆட்சியில் இருந்ததால், அவர் வென்ற தங்கம் ஜப்பானின் கணக்கில் சேர்ந்தது. தென் கொரியா தன் சொந்தக் கொடியின் கீழ் முதல் ஒலிம்பிக் தங்கத்தைப் பார்க்க 40 ஆண்டுகள் ஆயின. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீரர் யாங் ஜுங்-மோ அதை வென்றார். பதக்கத்தோடு ராணுவ சேவையிலிருந்து விலக்கும் அவருக்குக் கிடைத்தது. இப்படி விலக்கு பெற்ற முதல் விளையாட்டு வீரர் அவர்தான்.

கொரியப் போர் 1953 ஜூலை 27 அன்று போர் நிறுத்த ஒப்பந்தத்தோடு ஓய்ந்தது. அமைதி உடன்படிக்கை இன்றுவரை கையெழுத்தாகவில்லை. அதனால் உடல் தகுதியுள்ள ஒவ்வொரு தென் கொரிய ஆணும், பொதுவாக 28 வயதுக்குள், ராணுவத்தில் சேர்ந்தாக வேண்டும். 1973-ல், அதிபர் பார்க் சுங்-ஹீயின் ஆட்சியில், நாட்டுக்குப் பெருமை சேர்க்கும் விளையாட்டு வீரர்களுக்கும் கலைஞர்களுக்கும் சலுகை தரும் சட்டம் வந்தது. யார் யாருக்கு என்ற வரையறை பலமுறை மாறி, 1990-ல் இன்றுள்ள வடிவத்துக்கு வந்தது. ஒலிம்பிக்கில் ஏதேனும் ஒரு பதக்கம், அல்லது ஆசிய விளையாட்டில் தங்கம். ஆசிய வெள்ளிக்கு ஒன்றும் இல்லை.

விலக்கு என்றால் முழு விடுப்பு அல்ல. மூன்று வாரம் அடிப்படைப் பயிற்சி உண்டு. அதன்பின் 34 மாதங்கள் தன் துறையிலேயே தொடர்ந்து இயங்க வேண்டும். 544 மணி நேரம் சமூகத் தொண்டும் செய்ய வேண்டும். ஆனால் ஆட்டம் அறுபடாது. அதுதான் பெரிய வரம். 2002 கால்பந்து உலகக் கோப்பையில் கொரியா போர்ச்சுகலை வீழ்த்தி அடுத்த சுற்றுக்குப் போனபோது அரசு விதியைத் தளர்த்தி அந்த அணிக்கும் விலக்கு தந்தது. வெற்றி கோலை அடித்த பார்க் ஜி-சுங் சில மாதங்களில் ஹாலந்தின் பிஎஸ்வி கிளப்புக்கும், 2005-ல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கும் போனார். உலகக் கோப்பைக்கான அந்தத் தனிச் சலுகை பின்னர் நீக்கப்பட்டது.

ஒரே ஆட்டத்தில் ஒரு வாழ்க்கையைக் கட்டிவைத்தால் என்ன ஆகும் என்பதை 2012 ஆகஸ்ட் 10 அன்று கார்டிஃப் மைதானத்தில் உலகம் பார்த்தது. லண்டன் ஒலிம்பிக்கின் வெண்கலப் பதக்கத்துக்கான கால்பந்து ஆட்டம். எதிரணி ஜப்பான். கொரியா 2-0 என்று முன்னிலையில் இருக்கிறது. தடுப்பாட்டக்காரர் கிம் கீ-ஹீ அந்தத் தொடர் முழுக்க ஒரு நிமிடம்கூடக் களத்தில் இறங்கியதில்லை. களம் காணாதவருக்கு விலக்கு இல்லை என்பது அன்றைய விதி. 89-வது நிமிடத்தில் பயிற்சியாளர் ஹாங் மியுங்-போ அவரை இறக்கினார். அந்தச் சில நிமிடங்கள் அவருக்குப் போதுமானதாக இருந்தன. பிற்காலத்தில் அவர் ஷாங்காயிலும் சியாட்டிலிலும் ஆடினார். அந்த மாற்றத்தை நான் குறை சொல்ல மாட்டேன். தன் பிள்ளைகள் 18 பேரையும் கரை சேர்க்க நினைத்த பயிற்சியாளரின் பரிவு அது. தவறு, அப்படிச் செய்ய வைத்த விதியுடையது.

கால்பந்து வீரர் சோன் ஹியுங்-மின்னின் கதை வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். 2014 இன்சியான் ஆசிய விளையாட்டுக்கு அவரை ஜெர்மனியின் லெவர்குசன் கிளப் அனுப்பவில்லை. கொரியா தங்கம் வென்றது, அவர் இல்லாமல். 2016 ரியோவில் காலிறுதியில் ஹோண்டுராஸிடம் 0-1 என்று தோற்றபோது களத்திலேயே அழுதார். 2018-ல் இந்தோனேசியாவில் நடந்த ஆசிய விளையாட்டில் அவரே தலைவர், வயது 26. ஜப்பானுடனான இறுதி ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. கொரியாவின் இரண்டு கோல்களுக்கும் பந்தை அமைத்துக் கொடுத்தவர் சோன்தான். 2-1. அதற்கடுத்த ஆண்டு டாட்டன்ஹாம் அணிக்காகச் சாம்பியன்ஸ் லீக் இறுதியில் ஆடினார். 2021-22 பிரீமியர் லீக்கில் 23 கோல் அடித்து முகமது சாலாவுடன் முதலிடத்தைப் பகிர்ந்தார். அன்றைய சேவைக் காலம் 21 மாதம். அந்த இறுதி ஆட்டம் வேறு மாதிரி முடிந்திருந்தால் இந்தப் பக்கங்கள் எப்படி எழுதப்பட்டிருக்கும் என்று நினைக்கவே மனம் கூசுகிறது.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது கோல்ஃப் வீரர் பே சாங்-மூனின் கதை. அமெரிக்காவின் பிஜிஏ டூரில் இரண்டு பட்டங்கள் வென்றவர். ராணுவத்தில் சேர்வதைத் தள்ளிப்போட அனுமதி மறுக்கப்பட, நீதிமன்றம் போனார். 2015 ஜூலையில் வழக்கில் தோற்றார். அக்டோபரில் இன்சியானில் பிரசிடென்ட்ஸ் கோப்பை நடந்தது. கடைசி நாளின் கடைசி ஆட்டம் அவருடையது. 18-வது குழியருகே அவர் அடித்த சிறு அடி சறுக்க, சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால் குனிந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அடுத்த மாதம் ராணுவத்தில் சேர்ந்தார். 2017 ஆகஸ்டில் வெளியே வந்தபோது பிஜிஏ டூர் அவருக்கான இடத்தைக் காத்து வைத்திருந்தது. கை மட்டும் பழைய கையாக இல்லை. அதன்பின் பிஜிஏ டூர் பட்டம் எதுவும் அவருக்கு வாய்க்கவில்லை.

அவர் பதக்கம் வெல்லத் தவறியவர் அல்ல. போட்டியிடவே வழியில்லாதவர். ஆசிய விளையாட்டு கோல்ஃபில் அப்போது தொழில்முறை வீரர்களுக்கு இடமில்லை. ஒலிம்பிக்கில் கோல்ஃப் 2016-ல்தான் திரும்ப வந்தது, அவர் சீருடை அணிந்து ஒன்பது மாதம் ஆன பிறகு. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் முதன்முறையாகத் தொழில்முறை வீரர்களை அனுமதித்தார்கள். இம் சுங்-ஜேயும் கிம் சி-வூவும் அணிப் பிரிவில் தங்கம் வென்று விலக்கும் பெற்றார்கள். அதே ஹாங்சோவில் ரோலர் ஸ்கேட்டிங் தொடர் ஓட்டத்தின் கடைசி வீரர் வெற்றிக்கோட்டுக்குச் சற்று முன்பே கையை உயர்த்தியதால், தைவானிடம் 0.01 விநாடியில் தங்கத்தை இழந்தது கொரியா.

ஒரு நாள் ஆட்டத்துக்குப் பதிலாக, பல ஆண்டுப் போட்டிகளின் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து விலக்கு தரலாம் என்ற யோசனை கொரியாவில் பலமுறை பேசப்பட்டிருக்கிறது. நியாயமான யோசனை என்றே எனக்குப் படுகிறது. ராணுவ சேவை அங்கே எல்லா வீட்டுப் பிள்ளைகளும் சுமக்கும் கடமை. அதிலிருந்து சிலரை விடுவிக்கும் அளவுகோல் அதிர்ஷ்டமாக இருக்கக் கூடாது.

இதற்கிடையில் சத்தமில்லாமல் நல்ல வேலை செய்துவருவது ராணுவத்தின் விளையாட்டுப் பிரிவான சாங்மூ. இப்போது கிம்சியான் நகரில் இருக்கும் அதன் கால்பந்து அணி முழுக்கச் சிப்பாய்களால் ஆனது. தொழில்முறை லீகிலேயே ஆடுகிறது. இடங்கள் குறைவு, போட்டி அதிகம். ஆனால் சேர்பவரின் ஆட்டம் சாகாது. சோ கியூ-சுங் 2021-ல் அங்கே சேர்ந்தார். ஒல்லியாகப் போனவர் உடலை உரமேற்றிக்கொண்டு 2022 செப்டம்பரில் வெளியே வந்தார். அந்தப் பருவத்தில் அதிக கோல் அடித்தவர் விருது அவருக்கே. அதே ஆண்டு கத்தார் உலகக் கோப்பையில் கானாவுக்கு எதிராகத் தலையால் இரண்டு கோல். 2023-ல் டென்மார்க்கின் மிட்யிலண்ட் கிளப் அவரை வாங்கியபோது, இவர் எப்போது ராணுவத்துக்குப் போக வேண்டியிருக்கும் என்று கேட்கும் தேவையே யாருக்கும் இருக்கவில்லை.