குப்புறப் படுத்தால் மூச்சு வருமா?

மலர்க் குழுவினர், "ஏதாவது எழுதுப்பா, உன் இன்ஜினியரிங் சம்பந்தமா இருந்தா நல்லது" என்றார்கள். பம்பு, வால்வு பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் 2021 மே மாதம் ஒரு கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்த காட்சி மனதை விட்டுப் போகவில்லை. அதையே எழுதுகிறேன்.

கொரோனா இரண்டாம் அலை. அப்பாவுக்கு வென்டிலேட்டர் வைத்து மூன்றாம் நாள். எட்டிப் பார்த்தால், மனுஷன் குப்புறக் கிடக்கிறார்! வாயில் குழாய், முகம் ஒரு பக்கமாக. எனக்குப் பகீரென்றது. "சிஸ்டர், அப்பாவை யாரோ தப்பாப் படுக்க வச்சிருக்காங்க" என்றேன். அவரோ, "தப்பில்ல சார், இதுவும் மருந்து மாதிரிதான். பதினாறு மணி நேரம் இப்படித்தான் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதன்பின் இந்த வைத்தியத்தின் வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவு பிறந்த கதையை 1952-ல், டென்மார்க்கின் கோபன்ஹேகனில் தொடங்குவார்கள். அங்கே இளம்பிள்ளை வாதம் ஊரையே ஆட்டி வைத்த ஆண்டு அது. பிளெக்டாம் மருத்துவமனையில், பழைய வகைச் சுவாச இயந்திரங்களில் வைத்த முதல் 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் செலுத்தி, ரப்பர் பையைக் கையால் அமுக்கி நுரையீரலுக்குள் காற்றைத் தள்ளச் செய்தார். அமுக்க ஆள்? மருத்துவ மாணவர்கள்தான்! ஏறத்தாழ 1500 பேர் முறை வைத்துக்கொண்டு, இரவு பகலாக, மாதக்கணக்கில் அமுக்கினார்கள். இறப்பு வெகுவாகக் குறைந்தது. இப்போது படிக்கும் தம்பி தங்கைகள் இதைக் கவனிக்கவும்.

பின்னர் கைக்குப் பதில் இயந்திரம் வந்தது. ஆனாலும் சிலருக்கு அது போதவில்லை. 1967-ல் ஆஷ்பா, பெட்டி முதலிய அமெரிக்க மருத்துவர்கள் 12 நோயாளிகளைப் பற்றி 'லான்செட்' இதழில் எழுதினார்கள். காரணங்கள் வேறு வேறு. ஆனால் எல்லோருக்கும் நுரையீரல் நீர் கோத்து விறைத்துவிட்டது. ஆக்சிஜன் கொடுத்தும் இரத்தத்தில் சரியாக ஏறவில்லை. 7 பேர் இறந்தார்கள். இதைத்தான் இன்று ஏ.ஆர்.டி.எஸ். என்கிறார்கள்.

1974-ல் பிரையன் என்பவர், குப்புறப் போட்டால் முதுகுப் பக்கத்து நுரையீரல் நன்றாக விரியுமே என்று யோசனை சொன்னார். 1976-ல் பீல், பிரவுன் இருவரும் 5 நோயாளிகளைச் சுழலும் கட்டிலில் வைத்துத் திருப்பிப் பார்த்தார்கள். மெஷினில் எதையும் மாற்றவில்லை, ஆக்சிஜன் ஏறியது!

ஏன் ஏறியது? இத்தாலியின் மிலான் நகரில் லூசியானோ கத்தினோனி 1980-களில் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். மல்லாந்து கிடப்பவரின் நுரையீரல் நனைந்த ஸ்பஞ்சு மாதிரி. தன் எடையே தன்னை அழுத்துகிறது. மேலே இதயத்தின் பாரம், கீழிருந்து வயிற்றின் தள்ளல். முதுகுப் பக்கம் அடைந்துபோகிறது. காற்றுப் புகும் இடம் ஒரு சிறு குழந்தையின் நுரையீரல் அளவுதான். திருப்பிப் போட்டால் அடைந்த பகுதி திறக்கிறது. இரத்த ஓட்டமோ முதுகுப் பக்கமே அதிகம் போய்க்கொண்டிருக்கிறது. காற்றும் இரத்தமும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. நம் பாஷையில் சொன்னால், பம்பை மாற்றவில்லை, லைனைச் சரிசெய்தார்கள்.

இனி வெற்றிதான் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. 2001-ல் அதே கத்தினோனி குழுவினர் 304 பேரிடம் நடத்திய ஆய்வில், ஆக்சிஜன் ஏறியது, ஆனால் உயிர் பிழைத்தோர் எண்ணிக்கை கூடவில்லை. தினம் சுமார் 7 மணி நேரம்தான் திருப்பிப் போட்டிருந்தார்கள். பலர் கைவிட்டிருப்பார்கள். சிலர் விடவில்லை. இடையில் சின்னச் சின்ன மூச்சாகக் கொடுக்கும் முறையும் வந்துவிட்டது. 2013-ல் பிரான்சின் குளோட் கெரான் குழுவினர், நோய் முற்றிய 466 பேரை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒரு தடவைக்குக் குறைந்தது 16 மணி நேரம் என்று வைத்தார்கள். 28 நாளில் இறந்தவர்கள், மல்லாந்து கிடந்தவர்களில் 32.8 சதவீதம், குப்புறக் கிடந்தவர்களில் 16 சதவீதம். பாதிக்குப் பாதி! யோசனை சொன்னதிலிருந்து 39 ஆண்டுகள்.

இதற்குப் புது மெஷின் வேண்டாம், ஆட்கள் வேண்டும். ஒருவர் தலைமாட்டில் குழாயைப் பிடித்துக்கொள்ள, நாலைந்து பேர் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சேர்ந்து திருப்ப வேண்டும். குழாய் நழுவினால் உயிருக்கே ஆபத்து. கண்ணும் கன்னமும் புண்ணாகாமல் பார்க்க வேண்டும். அந்த மே மாத வெயிலில், கவச உடைக்குள் வியர்த்துக்கொண்டு அதைத்தான் அவர்கள் செய்தார்கள்.

அப்பா 22-ம் நாள் வீடு வந்தார். பக்கத்துக் கட்டில்காரருக்கும் இதே வைத்தியம்தான்; அவர் வரவில்லை. அவர் மகனும் நானும் வராந்தாவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அதனால் இதை அற்புதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாணவத் தம்பிகளே, தங்கைகளே! உங்கள் புராஜெக்ட் முதல் தடவை தோற்றால் யோசனையைத் தூக்கி எறியுமுன், எவ்வளவு நேரம், யாருக்கு, எந்த அளவில் செய்தோம் என்று ஒருமுறை பாருங்கள். அந்த 7 மணிக்கும் 16 மணிக்கும் நடுவில்தான் என் அப்பா இருந்தார்.