கட்டம் கட்டிச் சொன்ன கதைகள்

சங்க மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று செயலாளர் கடைக்கே வந்து கேட்டார். "கோயில், கல்வெட்டு என்று ஏதாவது எழுதுங்கள் அண்ணாச்சி, உங்களுக்குத்தான் அதில் பழக்கம்" என்றார். எழுதுகிறேன். ஆனால் முதலில் என்னுடைய தோல்வி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கட்டுரையே அதிலிருந்து பிறந்ததுதான்.

நம் பிள்ளைகளுக்காக ஒரு வரலாற்றுக் கதை எழுத ஆசைப்பட்டேன். காஞ்சியை ஆண்ட இரண்டாம் நந்திவர்மப் பல்லவனின் கதை. எட்டாம் நூற்றாண்டில் பரமேசுவரவர்மன் வாரிசு இல்லாமல் இறந்துபோக, அமைச்சர்களும் நகரத்தாரும் பல்லவர் கிளைவழியில் வந்த இரணியவர்மனிடம் போய் ஓர் அரசனைக் கேட்டார்கள். மூத்த பிள்ளைகள் போக மறுத்தார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் பல்லவமல்லன் மட்டும் நான் போகிறேன் என்றான். அவன்தான் பின்னாளில் நந்திவர்மன்.

எனக்கு இந்தக் கதையில் ஒரு சொந்தம் உண்டு. வந்தவாசிப் பக்கத்திலிருந்து சித்தப்பாவின் பாத்திரக் கடைக்கு ஆள் வேண்டும் என்று கேட்டபோது, வீட்டில் போகிறேன் என்று சொன்னவன் நான். அப்போது எனக்கு வயது பதின்மூன்று. அப்படித்தான் நல்லேப்பிள்ளிக்கு வந்து சேர்ந்தேன்.

கதையை நாற்பது பக்கம் எழுதினேன். பேரப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். பள்ளியில் மலையாளம் படிக்கிற பிள்ளைகள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார்கள். இரண்டு பக்கம் வாசித்துவிட்டு, "தாத்தா, அந்தப் பையன் எப்ப வருவான்?" என்று கேட்டாள் சின்னவள். புரட்டிப் பார்த்தேன். பதினோராம் பக்கத்தில்தான் பையன் வாய் திறக்கிறான். அதுவரை சிம்மவிஷ்ணு முதல் பரம்பரை, போர்கள், சாளுக்கியர் என்று நான் படித்ததையெல்லாம் இறக்கி வைத்திருந்தேன். வியாபாரிக்குத் தெரியும்படி சொன்னால், நாள்வழிக் குறிப்பை அப்படியே பேரேட்டில் ஏற்றிவிட்டேன்.

இந்தச் சிக்கலுக்கு வழி சொன்னது பெரிய இலக்கண நூல் எதுவும் இல்லை. கன்னித்தீவுதான்! சிரிக்காதீர்கள். நான் இங்கே வந்த புதிதில் தமிழ் எழுத்தை மறக்காமல் வைத்திருந்தது, டீக்கடையில் கிடைத்த தினத்தந்தி. 1960-ல் தொடங்கிய அந்தச் சித்திரக்கதை அரை நூற்றாண்டையும் தாண்டி ஓடியது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று கட்டம்தான் இடம். அதற்குள் நேற்று விட்ட இடத்தைத் தொட வேண்டும், இன்று ஏதாவது ஒன்று நடக்க வேண்டும், நாளைக்கு ஆள் வர வேண்டும். சிந்துபாத்தின் பரம்பரையை விவரிக்க அங்கே இடம் ஏது? சிவகாசியிலிருந்து 1972-ல் வந்த முத்து காமிக்ஸும் அப்படித்தான். இரும்புக்கை மாயாவி பேசுவதையெல்லாம் அந்தச் சின்னப் பலூனுக்குள் தமிழில் அடக்கியாக வேண்டும். இடம் குறையக் குறைய, எது கதை எது கதையில்லை என்பது தெரிந்துவிடுகிறது.

இது வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்த வித்தை என்று நினைக்க வேண்டாம். அச்சில் வந்த படக்கதை வேண்டுமானால் புதிது. கட்டம் கட்டிக் கதை சொல்வது நம்மிடம் பழையது.

நான் எழுதித் தோற்ற அதே கதையை நந்திவர்மன் எடுப்பித்த காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிலில் போய்ப் பாருங்கள். சுற்று மண்டபச் சுவரில் பல்லவர் வரலாறு முழுவதும் சிற்ப வரிசையாக நிற்கிறது. மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. விளக்கம் எழுத நடுவில் பட்டை. எல்லா இடத்திலும் எழுத்து வெட்டப்படவில்லை. ஆனால் பல்லவமல்லன் வந்த கதைக்கு எழுத்து இருக்கிறது. டாக்டர் சி. மீனாட்சி இவற்றை ஆராய்ந்து எழுதிய நூல் 1941-ல் வெளிவந்தது. ஒரு கட்டத்துக்கு ஒரு நிகழ்ச்சி. இரண்டு கட்டத்துக்கு நடுவில் எத்தனை நாள் போயிற்று, எத்தனை மலை தாண்டினார்கள் என்பதைப் பார்க்கிறவன் மனசே நிரப்பிக்கொள்கிறது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே சிற்பி முடித்துவிட்ட வேலையை நான் நாற்பது பக்கத்தில் கெடுத்து வைத்திருந்தேன்.

அதே காஞ்சிபுரத்தை அடுத்து வேகவதிக் கரையில் திருப்பருத்திக்குன்றம் இருக்கிறது. எங்கள் சமணர் வாயில் அது ஜினகாஞ்சி. விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387-ஐ ஒட்டிக் கட்டுவித்த சங்கீத மண்டபத்தின் விதானத்தில், ரிஷபதேவர், வர்த்தமானர் வரலாறும் கண்ணன் கதையும் வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டுள்ளன. இன்று காண்பவற்றில் பெரும்பகுதி பிற்காலத்தவை. படத்தோடு தமிழில் விளக்கக் குறிப்பும் உண்டு. டி.என். இராமச்சந்திரன் 1934-ல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக இதைப் பற்றி விரிவாக எழுதினார். சிறுவயதில் அப்பா தோளில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. கழுத்து வலித்தது, கதை புரிந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் பாலக்காட்டுப் பகவதி கோயில்களில் நடக்கும் தோல்பாவைக்கூத்து என்ன? 42 அடி நீளக் கூத்துமாடம், திரைக்குப் பின்னால் 21 விளக்கு. சொல்வது கம்பராமாயணம், பாடுவது தமிழ்ப் பாட்டு. ஒரே பாத்திரத்துக்கு உட்கார்ந்த பாவை வேறு, நிற்கிற பாவை வேறு, போர் செய்கிற பாவை வேறு. பாவையை மாற்றினால் நிலை மாறிவிட்டது என்று பொருள். தனியாக வர்ணனை வேண்டியதில்லை. இந்தக் கலைக்காக கூனத்தறை ராமச்சந்திர புலவருக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. மலையாள மண்ணில் கம்பனை உயிரோடு வைத்திருப்பது இந்தத் தோல் படங்களும் அந்தப் புலவர்களின் நாக்கும்தான்.

இவ்வளவும் யோசித்த பிறகு, பழைய பேரேட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டுப் பன்னிரண்டு கட்டம் இழுத்தேன். எனக்குப் படம் வராது. தலைக்கு ஒரு வட்டம், உடம்புக்கு ஒரு கோடு. ஒவ்வொரு கட்டத்திலும் யார் என்ன செய்கிறார் என்று மட்டும் எழுதினேன். நான்கு கட்டத்தில் யாரும் எதுவுமே செய்யவில்லை! நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். அவற்றை அடித்துவிட்டேன். மிச்சம் எட்டு. முதல் கட்டத்தில் தகப்பன் கேட்கிறான், இரண்டாவதில் பையன் எழுந்து நிற்கிறான். பரம்பரையெல்லாம் தேவையான இடத்தில் ஒரு வரியாக வந்து ஒட்டிக்கொண்டது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கட்டம் எல்லாவற்றையும் தராது. பையன் போகிறேன் என்றதும் தகப்பன் மகிழ்ந்தானா, மனம் ஒடிந்தானா? கல்லில் முகத்தைத்தான் காட்டலாம். அந்த இடத்தில் மட்டும் உரைநடையை நீள விட்டேன். நான் பஸ் ஏறிய அன்று என் அப்பா திரும்பிப் பார்க்காமல் நடந்து போனார். ஏன் என்று அன்றைக்குக் கோபம். இரணியவர்மனைப் பற்றி எழுதும்போதுதான், அவர் முகத்தை நான் பார்த்துவிடக் கூடாதென்று அப்படிப் போயிருக்கிறார் என்று தோன்றியது. இன்னொன்று, கட்டத்துக்கு முடிவும் வேண்டும். முடியாமல் இழுக்கும் காரியத்தைக் கன்னித்தீவு என்று நம் ஜனங்கள் கேலி செய்வது சும்மா இல்லை.

புதிய கதை ஒன்பது பக்கம்தான். சின்னவள் ஒரே மூச்சில் வாசித்தாள். இரண்டு இடத்தில் எழுத்துத் தடுமாறியது; ஆனாலும் புத்தகத்தை மூடவில்லை. முடித்துவிட்டு, "அந்தப் பையன் திரும்ப அவங்க அப்பாவைப் பாத்தானா தாத்தா?" என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

சங்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வீட்டிலும் இங்கே வந்து சேர்ந்த கதை ஒன்று இருக்கிறது. பெரிய புத்தகமாக எழுத வேண்டாம். ஒரு தாளில் எட்டுக் கட்டம் போடுங்கள். கட்டத்துக்கு ஒரு வரி, தமிழில். பிள்ளைகள் படம் வரையட்டும், நீங்கள் சொல்லச் சொல்ல அந்த வரியை அவர்களே எழுதட்டும். தமிழும் தங்கும், வீட்டுக் கதையும் தங்கும்.