ரயில் சத்தத்தை இசையாக்கியது யாரு? 1948-க்கு முன்பே ஒருத்தர் இருக்கார்!

சுற்றிக் கேட்கும் சத்தங்களைப் பதிவு செய்து, அவற்றையே மாற்றிச் சேர்த்து உருவாக்கும் இசைதான் 'மியூசிக் கான்க்ரீட்'. இதன் தந்தை என்று பலரும் சொல்வது, பிரெஞ்சு வானொலிப் பொறியாளர் பியர் ஷேஃபரை. 1948-ல் பாரிஸ் ரயில் நிலையம் ஒன்றில் இன்ஜின் ஓசைகளைப் பதிவு செய்து, இசையாக்கி, வானொலியில் ஒலிபரப்பினார். அப்போது அவர் பயன்படுத்தியது டேப் இல்லை, இசைத்தட்டு. தட்டில் உள்ள வரிப்பள்ளத்தை வட்டமாக மூடிவிட்டால் ஊசி அங்கேயே சுற்றும். அதே சத்தம் திரும்பத் திரும்ப வரும். இன்றைய 'லூப்' இதுதாங்க!

ஆனால், 1944-லேயே எகிப்தின் கெய்ரோவில் ஹலீம் எல்-தப் என்ற இளைஞர், ஆவி விரட்டும் 'ஸார்' சடங்கில் பெண்கள் பாடியதைப் பதிவு செய்தார். பிறகு வானொலி நிலையத்தில் எதிரொலியெல்லாம் சேர்த்து, மூலக்குரலே தெரியாத அளவுக்கு மாற்றிவிட்டார். அவர் கையில் இருந்ததும் டேப் அல்ல, மெல்லிய கம்பியில் ஒலியைப் பதியும் கருவி. நியாயமாகப் பார்த்தால், 'முதல்' என்ற பெயர் இவருக்குத்தானே போகணும்?