ஷியரிங்கின் வெல்வெட் கம்பளம்

‘வெல்வெட் கார்ப்பெட்’ என்று ஓர் இசைத்தட்டு. கேபிடல் நிறுவனம் 1956-இல் வெளியிட்டது. ஜார்ஜ் ஷியரிங்கின் ஐவர் குழு, கூடவே ஒரு தந்தி வாத்தியக் குழு. பெயரைக் கேட்டால் சோபா விளம்பரம் மாதிரி இருக்கு, இல்லையா? தீவிர ஜாஸ் ரசிகர்கள் இதையெல்லாம் ‘லிஃப்ட்ல ஓடுற மியூசிக்’ என்று ஒதுக்கிவிடுவார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஆளைப் பார்ப்போம். ஷியரிங் 1919-இல் லண்டன் பாட்டர்சீயில் பிறந்தவர். ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டி. பிறவியிலேயே பார்வை கிடையாது. அப்பா நிலக்கரி வண்டிக்காரர், அம்மா இரவில் ரயில் பெட்டிகளைச் சுத்தம் செய்தவர். 1947-இல் அமெரிக்காவில் குடியேறினார். இரண்டே வருஷத்தில் அவருடைய ஐவர் குழு வாசித்த ‘செப்டம்பர் இன் த ரெயின்’ சக்கைப்போடு போட்டது. அந்த முதல் குழுவில் வைப்ரஃபோன் வாசித்த மார்ஜி ஹையம்ஸ் ஒரு பெண். பாஸ் வாசித்த ஜான் லீவியும் டிரம்ஸ் வாசித்த டென்சில் பெஸ்ட்டும் கறுப்பர்கள். 1949 அமெரிக்காவில் இது சாதாரண விஷயம் இல்லை.

அவர்களுடைய ஒலிக்கு ஒரு சூத்திரம் உண்டு. வலது கை மெட்டையும் அதற்குக் கீழே நெருக்கமாக அடுக்கிய சுரங்களையும் வாசிக்கும். இடது கை அதே மெட்டை ஓர் எட்டுச் சுரம் கீழே வாசிக்கும். இரண்டு கையும் பூட்டுப் போட்ட மாதிரி சேர்ந்தே நகரும். மேல் மெட்டோடு வைப்ரஃபோன் ஒட்டிக்கொள்ளும், கீழ் மெட்டோடு கிதார். இந்தக் கைமுறையில் மில்ட் பக்னர் என்ற பியானோக்காரர் முன்னோடி. க்ளென் மில்லர் இசைக்குழுவின் சாக்ஸஃபோன் வரிசையும் ஷியரிங்குக்கு ஒரு முன்மாதிரி.

அடுத்தது சந்தை. 78 ஆர்.பி.எம். தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷம்தான் அடங்கும். 1948-இல் கொலம்பியா கொண்டுவந்த எல்.பி.யிலோ பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடும். ஒரு மாலைப்பொழுது முழுவதற்குமான மனநிலையையே விற்கலாம் என்றாகிவிட்டது. 1952-இல் ஜாக்கி க்ளீசனின் ‘மியூசிக் ஃபார் லவர்ஸ் ஒன்லி’ அமோகமாக விற்று, கேபிடலுக்கு வழி காட்டியது. ஷியரிங் அங்கே போய்ச் சேர்ந்தது 1955-இல்.

1957-இல் வந்த ‘ஆன் த ரோட்’ நாவலில் ஜாக் கெரவாக், 1949-இன் ஷியரிங்கைக் கடவுளாகவே ஆக்கிவிடுகிறார். அதெல்லாம் அவர் வியாபாரத்துக்குப் போவதற்கு முந்தைய காலம் என்று ஒரு குத்தும் வைக்கிறார். அதே 1957-இல்தான் ‘பிளாக் சாட்டின்’ என்ற அடுத்த பட்டுத் துணியும் கடைக்கு வந்தது!

கெரவாக்கின் குற்றச்சாட்டு பாதி சரி. வயலின்களுக்கு எல்லாவற்றையும் முன்கூட்டியே தாளில் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அதனால் தோன்றியதை வாசிக்கும் இடம் சுருங்கிப்போகிறது. உறைகளும் பலதில் அலங்கார உடையில் மாடல் பெண்கள்தான். அன்றைய குழுவில் கிதார் வாசித்த டூட்ஸ் தீல்மான்ஸும் பாஸ் வாசித்த அல் மெக்கிபனும் அந்தப் பட்டுக்குப் பின்னால் மறைந்துபோனார்கள்.

மீதிப் பாதி தவறு. 1949-இலேயே ஷியரிங் ஐந்து பேரை வைத்து ஓர் ஆர்க்கெஸ்ட்ராவைத்தான் கட்டியிருந்தார். வைப்ரஃபோனும் கிதாரும் செய்த ஒட்டு வேலையை இப்போது வயலின்கள் பெரிய அளவில் செய்தன, அவ்வளவுதான். வழி மாறவில்லை, அகலமாகியது. தவிர, நடத்துநரின் கோலைப் பார்க்க முடியாத ஒரு மனிதர், ஒரு தந்தி வாத்தியக் குழுவின் மூச்சைக் காதால் மட்டுமே பிடித்து, அதோடு இம்மி பிசகாமல் சேர்ந்து போகிறார். இதை சோபா இசை என்று சொல்ல எனக்கு இப்போது வாய் வரவில்லை.

ஒரு தடவை 1949 பதிவைக் கேட்டுவிட்டு, உடனே ‘வெல்வெட் கார்ப்பெட்’டைப் போட்டுப் பாருங்கள். வயலின்களை விட்டுவிட்டு, கீழே போகும் கிதாரை மட்டும் காதால் பின்தொடருங்கள். பழைய ஷியரிங் அங்கேயேதான் இருக்கிறார்.